வீட்டுக்குப் போன புண்: அறுவைசிகிச்சைத் தொற்று பற்றி மருத்துவர்களுக்குத் தெரிவதும் தெரியாமல் போவதும்

அறுவைசிகிச்சை நடந்த இடத்தில் வரும் கிருமித்தொற்றுக்கு மருத்துவம் ஒரு கால வரம்பு வைத்திருக்கிறது. அறுவை நடந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் புண் சிவந்து, வீங்கி, சீழ் வைத்தால் அதை அந்த அறுவையின் கணக்கில்தான் எழுத வேண்டும். மூட்டு மாற்று, முறிந்த எலும்பில் பொருத்தும் தகடு, குடலிறக்கத்துக்கு வைக்கும் வலை ஆகியவை உள்ளே இருந்தால் ஆழமான தொற்றுக்கு வரம்பு 90 நாட்கள். ஆனால் குடலிறக்கத்துக்கோ குடல்வாலுக்கோ சிசேரியனுக்கோ வந்தவர் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பிவிடுகிறார். மீதி மூன்று வாரங்கள் அந்தப் புண், அறுத்த மருத்துவரின் கண்ணில் படுவதில்லை.

சேலத்தில் இந்த மூன்று வாரங்களுக்குத் தூரமும் சேர்ந்துகொள்கிறது. 1986ல் தொடங்கப்பட்ட அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கும் நகரத்தின் தனியார் மருத்துவமனைகளுக்கும் ஆத்தூர், மேட்டூர், எடப்பாடி, சங்ககிரியிலிருந்து மட்டுமல்லாமல் நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சேர்வராயன் மலையில் ஏற்காட்டைச் சுற்றியுள்ள 67 கிராமங்களுக்குப் பெரிய அறுவை என்றால் சேலம்தான். காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் இருபது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வந்து அறுவை செய்துகொண்டு, தையலோடு அதே வளைவுகளில் ஏறிப் போகிறார். மலைப்பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டும். பத்தாவது நாள் புண்ணில் நீர் கசிந்தால் அவர் மறுபடி சேலத்துக்கே இறங்கி வருவார் என்று நம்புவதற்கு அதிகக் காரணமில்லை.

மருத்துவர்களுக்கு இந்தத் தொற்றைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று கேட்பவர்கள் பொதுவாகப் பாடப்புத்தகத்தை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். அதில் குறை அதிகம் இல்லை. தொற்று தோலோடு நிற்பது, தசைவரை போவது, வயிற்றுக்குள் போல உறுப்பின் இடத்திலேயே தங்குவது என்று மூன்று ஆழங்கள் இருப்பதை முதுநிலை மாணவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், குடலில் வாழும் ஈ.கோலை, மருத்துவமனைகளில் குடியேறிவிட்ட கிளெப்சியெல்லா என்ற பெயர்களும் தெரியும். குறை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. கற்ற விஷயம் பழையதாகிப் போனதை அறியாமல் இருப்பது ஒன்று. தன் கையால் போட்ட தையல் பிறகு என்ன ஆனது என்ற தகவல் திரும்பி வராமலே இருப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் முதலாவதையும் வளர்க்கிறது என்பது என் எண்ணம்.

பிரச்சினையின் அளவை முதலில் பார்த்துவிடலாம். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் அறுவை செய்துகொள்பவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்குத் தொற்று வருவதாக உலக சுகாதார நிறுவனம் 2016ல் தன் வழிகாட்டுதலை வெளியிட்டபோது சொன்னது. குடல், வயிற்று அறுவைகளை மட்டும் எடுத்து 66 நாடுகளின் 12,539 நோயாளிகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2018ல் வெளியானது. வளர்ந்த நாடுகளில் 9.4 சதவீதம், நடு நிலையில் உள்ள நாடுகளில் 14 சதவீதம், பின்தங்கிய நாடுகளில் 23.2 சதவீதம் என்று அதில் தெரிந்தது. சுத்தமான குடலிறக்க அறுவைக்கும் ஓட்டை விழுந்த குடலுக்கும் ஒரே விகிதம் இருக்காது என்பதால், ஒரு மருத்துவமனையின் மொத்த எண்ணை இன்னொன்றோடு அப்படியே ஒப்பிடுவது நியாயமில்லை.

அதிக நேரம் நின்று பேச வேண்டியது அறுவைக்கு முன் போடும் ஆன்டிபயாடிக் ஊசியைப் பற்றி. அறிவு எந்த இடத்தில் நழுவுகிறது என்பதை அது நன்றாகக் காட்டுகிறது.

1961ல் ஜான் பர்க் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் கினிப்பன்றிகளின் தோலுக்குள் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார். கிருமி நுழைவதற்கு முன்பே மருந்து திசுவில் இருந்தால் புண் மிகச் சிறியதாக அடங்கியது. மூன்று மணி நேரம் கழித்துக் கொடுத்தால், கொடுக்காததற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. மனிதர்களில் இதை உறுதிசெய்த ஆய்வு 1992ல் வந்தது. அமெரிக்காவின் சால்ட் லேக் நகர மருத்துவமனை ஒன்றில் 2,847 பேரைப் பார்த்தார்கள். தோலைக் கீறுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஊசி போட்டவர்களில் 0.6 சதவீதம் பேருக்கே தொற்று. அதற்கும் முன்னதாகவே போட்டவர்களில் 3.8 சதவீதம். கீறி மூன்று மணி நேரத்துக்குப் பிறகு போட்டவர்களில் 3.3 சதவீதம். மருந்து அதே மருந்து, நேரம் மட்டும் வேறு.

இன்றைய நடைமுறை, செஃபசோலின் போன்ற மருந்தைக் கீறுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் கொடுப்பது. அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் மறுபடி கொடுப்பது. இது மருத்துவர்களுக்குத் தெரியும். ஆனால் ஊசியை வார்டில் போட்டு அனுப்பும் வழக்கம் உள்ள இடத்தில் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காலை ஆறு மணிக்குச் செவிலியர் ஊசி போடுகிறார். நோயாளியின் பெயர் அன்றைய பட்டியலில் நான்காவது. முதல் அறுவை நீள்கிறது, நடுவில் ஓர் அவசர சிசேரியன் வந்துவிடுகிறது. இவரைத் தியேட்டருக்குள் எடுத்துத் தோலைக் கீறும்போது மணி பதினொன்றரை. செஃபசோலின் ரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மணி நேரம்கூட ஆவதில்லை. ஐந்தரை மணி நேரத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். கேஸ் ஷீட்டில் ஊசி போட்டதாகப் பதிவு இருக்கிறது. மருத்துவரும் போட்டாகிவிட்டது என்றே நம்புகிறார். யாருடைய அறிவிலும் பிழை இல்லாமலே மருந்து வீணாகிவிட்டது.

இதற்கு மாற்று எளிது. ஊசியைத் தியேட்டருக்குள் வைத்து மயக்க மருத்துவர் கையில் ஒப்படைப்பது, கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் கேட்கும்படி “ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா, எத்தனை மணிக்கு?” என்று ஒருவர் உரக்கக் கேட்பது. உலக சுகாதார நிறுவனம் 2008ல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில் இந்தக் கேள்வி இருக்கிறது. டெல்லி உட்பட எட்டு நகரங்களில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தபோது அறுவை இடத் தொற்று 6.2 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்தது. அங்கே யாருக்கும் புதிய மருந்து எதுவும் தரப்படவில்லை.

நேரம் தவறுவதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, அறுவை முடிந்த பிறகும் ஐந்து நாள், ஏழு நாள் என்று தொடரும் ஆன்டிபயாடிக். அறுவை முடிந்ததும் தடுப்பு மருந்தை நிறுத்திவிடலாம், நீட்டிப்பதால் தொற்று குறையாது என்று 2016 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. பெரும்பாலான அறுவைகளுக்குச் செஃபசோலினே போதும் என்ற இடத்தில் இன்னும் பல வகைக் கிருமிகளைத் தாக்கும் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் எழுதப்படுவதும் நம் நாட்டில் சாதாரணம். கேட்டால் காரணம் சொல்வார்கள்: வார்டு நெரிசல், பார்வையாளர் கூட்டம், நோயாளி போகும் வீட்டின் நிலை. பயம் உண்மையானது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஏழு நாள் மருந்து அழுக்குக் கையையோ நனைந்த கட்டையோ ஈடுசெய்வதில்லை. எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளை அது வளர்த்துவிடுகிறது. மேலே சொன்ன 66 நாடுகளின் ஆய்வில், தொற்று வந்து கிருமி வளர்த்துப் பார்க்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல், முன்தடுப்பாகக் கொடுத்த மருந்துக்கே அடங்காத கிருமி இருந்தது.

கற்றது பழையதாவதற்குச் சிசேரியன் நல்ல எடுத்துக்காட்டு. மருந்து குழந்தைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத் தொப்புள்கொடியைக் கவ்வியால் இறுக்கிய பிறகே தாய்க்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்றுதான் நெடுங்காலம் சொல்லித்தந்தார்கள். கீறுவதற்கு முன்பே கொடுத்தால் தாய்க்குத் தொற்று குறைகிறது, குழந்தைக்குத் தீங்கு கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியதும் 2010ஐ ஒட்டி அறிவுரை மாறியது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்ற ஒருவர் தன் ஆசிரியர் சொன்னதையே இன்றும் பின்பற்றினால், அவர் படிக்காதவர் என்று சொல்ல முடியாது. படித்தது மாறிவிட்டதை அவருக்குச் சொல்ல ஏற்பாடு இல்லை.

ரோமம் மழிப்பதும் அப்படித்தான். அறுவைக்கு முதல் நாள் மாலை பிளேடால் சுத்தமாக மழித்துவிடுவது பல ஊர்களில் இன்னும் சடங்கைப் போல நடக்கிறது. பிளேடு தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்குகிறது. இரவு முழுவதும் அவற்றில் கிருமி பெருகுகிறது. கனடாவின் கால்கரி நகரில் பத்து ஆண்டுகள் 62,939 புண்களைக் கணக்கெடுத்து 1980ல் வெளியான ஆய்வில், சுத்தமான அறுவைகளில் மழிக்கப்பட்டவர்களுக்குத் தொற்று 2.5 சதவீதம், மழிக்காமலும் வெட்டாமலும் விடப்பட்டவர்களுக்கு 0.9 சதவீதம். ரோமத்தை அப்படியே விடுவதுதான் நல்லது, இடைஞ்சலாக இருந்தால் கிளிப்பரால் வெட்டலாம், பிளேடு எக்காரணத்துக்கும் வேண்டாம் என்பது இன்றைய அறிவுரை. மழிப்பவர் மருத்துவர் அல்ல, வார்டு ஊழியர். அவருக்கு இந்தக் காரணத்தை யாராவது உட்கார்ந்து சொன்னார்களா என்பதுதான் கேள்வி.

உடல் வெப்பம் குறையாமல் காப்பது (குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரிடம் நடந்து 1996ல் வெளியான ஆய்வில் குளிர்ந்தவர்களுக்கு 19 சதவீதமும் கதகதப்பாக வைக்கப்பட்டவர்களுக்கு 6 சதவீதமும் தொற்று), அறுவையின்போதும் பிறகும் ரத்தச் சர்க்கரையை 200 மி.கி./டெ.லி.க்குள் வைப்பது, தோலை ஆல்கஹால் கலந்த மருந்தால் துடைத்து நன்றாக உலரவிடுவது எல்லாம் தெரிந்தவையே. இந்தியாவும் பங்கேற்று 2022ல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றியதால் மட்டும் தொற்று 18.9லிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. 13,301 நோயாளிகளிடம், நம்மைப் போன்ற நாடுகளின் மருத்துவமனைகளிலேயே நடந்தது என்பதால் இதை முக்கியமாகக் கருதுகிறேன். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான இன்னொரு பெரிய ஆய்வில், கிருமிநாசினி பூசிய விலை கூடிய தையல் நூல் சாதாரண நூலைவிட மேலானதாகத் தெரியவில்லை. விலை கூடியதெல்லாம் பலன் தரும் என்று எண்ணிவிட முடியாது.

மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேள்வித்தாள் கொடுத்து அறிவை அளக்கும் ஆய்வுகள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நிறைய நடந்திருக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்பத் தெரிவது, பொதுக் கேள்விகளில் நல்ல மதிப்பெண். மழித்தல், ஊசியின் நேரம், எப்போது நிறுத்துவது ஆகியவற்றில் தடுமாற்றம். அறிவைவிடச் செயல் குறைவு. இந்த ஆய்வுகளை நான் மதிக்கிறேன், ஆனால் அவை தொடாத இடம் ஒன்று இருக்கிறது. “உங்கள் சொந்த நோயாளிகளில் சென்ற ஆண்டு எத்தனை பேருக்குப் புண் சீழ் வைத்தது?” என்ற கேள்விக்குத் தாளில் சரியான விடை என்று எதையும் அச்சிட முடியாது.

மருத்துவரின் அறிவுக்கு வெளியே உள்ள அறிவு எவ்வளவு முக்கியம் என்பதற்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது சிறு துளைகள் வழியே கருவி நுழைத்துச் செய்யும் அறுவைகளில் வரும் ஒரு தொற்று போதும். பித்தப்பையை எடுத்து நான்கு சிறு துளைகளோடு வீட்டுக்குப் போனவருக்கு மூன்று நான்கு வாரம் கழித்து, ஆறிய துளையில் ஒரு கட்டி வருகிறது. உடைந்து நீர் வடிகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் அடங்குவதுபோல் தெரிந்து மறுபடி வடிகிறது. சாதாரணக் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) இரண்டு நாளில் “கிருமி வளரவில்லை” என்று முடிவு வருகிறது. காரணம், காசநோய்க் கிருமியின் உறவான, ஆனால் காசநோயை உண்டாக்காத மைகோபாக்டீரியா. குழாய்த் தண்ணீரில் வாழ்பவை. லேப்ராஸ்கோப்பி கருவிகளை இரண்டு சதவீத குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினியில் இருபது நிமிடம் ஊறவைத்துக் குழாய்த் தண்ணீரில் அலசி எடுத்தால் அவை கருவியின் மூட்டுகளில் பிழைத்திருக்கும். அந்த மருந்தில் முழுமையான கிருமிநீக்கம் ஆவதற்குப் பத்து மணி நேரம் வேண்டும். அலச, கிருமிநீக்கிய நீர் வேண்டும். அதற்கும் முன் கருவியைப் பிரித்து உள்ளே ஒட்டியிருக்கும் திசுவைத் துலக்கி எடுத்திருக்க வேண்டும். ஒரே கருவித் தொகுப்பில் ஒரு நாளைக்கு நான்கு அறுவை நடக்கும் இடத்தில் பத்து மணி நேரம் எங்கிருந்து வரும்? வந்த தொற்றை ஆற்றப் பல மாத மருந்து வேண்டும், சில சமயம் மறுபடி அறுக்கவும் வேண்டும். இங்கே தீர்மானிப்பது கருவி கழுவுபவரின் அறிவும், இன்னொரு தொகுப்பு வாங்குவதற்குக் கையெழுத்துப் போடுபவரின் முடிவும்தான்.

நோயாளி வீட்டுக்குப் போன பிறகு நடப்பதைப் பார்ப்போம். அறுவை இடத் தொற்றுகளில் பெரும் பங்கு டிஸ்சார்ஜுக்குப் பிறகே வெளிப்படுகிறது. பல ஆய்வுகளில் அது பாதிக்கும் மேல். சேலத்து வீடுகளிலும் மலை வீடுகளிலும் அறுவை ஆனவருக்குப் பத்தியம் உண்டு. முட்டை, மீன், கறி, பருப்பு எல்லாம் “புண் பழுத்துவிடும்” என்று நிறுத்தப்படுகின்றன. திசு சேர்வதற்குத் தேவையான புரதம் சரியாக அந்த மூன்று வாரங்களில் இல்லாமல் போகிறது. வெட்டுக்காயத்தில் காப்பித்தூளும் மஞ்சளும் வைத்துப் பழகிய வீடுகளில், கசியும் தையல் மீதும் அவை ஏறக்கூடும். அக்கறையால் செய்வதுதான், ஆனால் தையலுக்கு உள்ளே போகும் வழியில் எதையும் தூவக் கூடாது. டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரையின் பெயர் இருக்கும். முட்டை சாப்பிடலாம் என்று எழுதியிருப்பது அரிது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு மாத்திரை வீட்டு வாசலுக்கு வரும் ஏற்பாடு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருக்கிறது. அறுவைக்கு முன் அந்தச் சர்க்கரை கட்டுக்குள் வந்திருந்தால் பாதி வேலை முடிந்ததுபோல.

புண் கசியத் தொடங்கினால் மலையில் இருப்பவர் ஏற்காடு அரசு மருத்துவமனைக்கோ நாகலூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பக்கத்து மருந்துக் கடைக்கோ போவார். கட்டு மாற்றி, மாத்திரை கொடுத்து, பெரும்பாலும் குணமாகிவிடும். அந்தச் செய்தி சேலத்தில் அறுவை செய்தவருக்குப் போவதில்லை. அவர் பார்வையில் நோயாளி திரும்பி வரவில்லை, ஆகவே நன்றாக இருக்கிறார். இப்படிப் பல ஆண்டுகள் போனால், “என் தியேட்டரில் தொற்று வருவதே இல்லை” என்று ஒருவர் மனமார நம்பத் தொடங்கிவிடுவார். அந்த நம்பிக்கை இருக்கும்வரை பிளேடையோ ஊசி நேரத்தையோ மாற்ற அவருக்கு என்ன அவசியம்?

இதற்கான மருந்து அரை நூற்றாண்டாகத் தெரிந்ததே. அமெரிக்காவில் 1970களில் நடந்து 1985ல் முடிவு வெளியான செனிக் என்ற பெரிய ஆய்வு, தொற்றை ஒழுங்காகக் கணக்கெடுத்து, அதற்கென ஆட்களை வைத்து, ஒவ்வொரு அறுவை மருத்துவருக்கும் அவருடைய எண்ணைத் திருப்பிச் சொன்ன மருத்துவமனைகளில் தொற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனதைக் காட்டியது. கால்கரியிலும் தன் எண்ணைத் தானே பார்த்ததுதான் மருத்துவர்களை அதிகம் மாற்றியது.

சேலத்தில் இதற்கு வேண்டிய கைகள் ஏற்கெனவே இருக்கின்றன. பிரசவமான தாயைக் கிராம சுகாதார செவிலியர் வீட்டில் போய்ப் பார்க்கிறார். குழந்தையின் எடையோடு தையலின் நிலையையும் ஒரு வரியில் எழுதி, சிசேரியன் நடந்த மருத்துவமனைக்கு அனுப்ப முடியும். மற்ற அறுவைகளுக்கு 10ம் நாளும் 30ம் நாளும் ஒரு தொலைபேசி அழைப்பு. சீழோ நீரோ வந்ததா, காய்ச்சல் இருந்ததா, புண்ணுக்காக வேறு எங்காவது மருந்து வாங்கினீர்களா, தையலை யாராவது திறந்துவிட்டார்களா என்று நான்கு கேள்விகள். இதை மருத்துவர் கேட்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் பேசினால் மலைக் கிராமத்து மக்கள் மருத்துவரிடம் சொல்லத் தயங்குவதையும் அவரிடம் சொல்வார்கள். சிக்னல் கிடைக்காத ஊர்களுக்கு மருந்து கொண்டுபோகும் பணியாளர் இருக்கிறார். ஏற்காட்டில் கட்டு மாற்றுபவர் டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ள எண்ணுக்கு ஒரு படமும் இரண்டு வரியும் அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. அதற்கு அந்தச் சீட்டில் யாராவது எடுக்கும் ஒரு தொலைபேசி எண் இருக்க வேண்டும்.

நிர்வாகம் ஒன்றை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். கணக்கெடுக்கத் தொடங்கிய முதல் மாதங்களில் தொற்று விகிதம் ஏறும். புதிதாகத் தொற்று வந்ததால் அல்ல, இதுவரை நாகலூரிலும் மருந்துக் கடைகளிலும் தீர்ந்துபோனவை இப்போது தாளில் ஏறுவதால். அந்த ஏற்றத்துக்காக ஒரு பிரிவுத் தலைவரிடம் விளக்கம் கேட்டால் அடுத்த மாதம் எழுதுவதே குறைந்துவிடும். ஆகவே முதல் ஆறு மாத எண்களைப் பெயர் இல்லாமல், அறுவை வகை வாரியாகப் பிரித்து, துறையின் மாதக் கூட்டத்தில் மட்டும் வைக்கலாம். ஊசி போட்ட நேரமும் கீறிய நேரமும் அதே தாளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும்.